அப்பா எழுதித் தருகிற வீடு வேண்டாம் என்றேன்

அன்புள்ள அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

திருநெல்வேலிப் பக்கம் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். கணவர், ஒரு மகன். 1987-ல் கைக்குழந்தையாக இருந்த என்னை ஓர் இல்லத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் எடுத்து வளர்த்தார்கள். பிறகு தம்பி பிறந்தான். பிளஸ் டூ படிக்கும்போது ஒரு கல்யாண வீட்டில் அத்தை ஒருத்தி வாய்தவறிச் சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரியும். “பெத்த பிள்ளைகூட இப்படிப் பாக்காது” என்றார். பாராட்டத்தான் சொன்னார்.

அதன்பிறகு வீட்டில் நான் எதையும் கேட்டதில்லை, எதிர்த்துப் பேசியதில்லை. அம்மாவுக்கு டயாலிசிஸ் நடந்த காலமெல்லாம் நான்தான் கூட இருந்தேன். தம்பி பெங்களூரிலிருந்து வந்து போவான், யாரும் குறை சொல்லவில்லை. நான் ஒரு ஞாயிறு போகாவிட்டால் எனக்கே படபடப்பு வந்துவிடும். அம்மா இப்போது இல்லை. போன மாதம் அப்பா, வீட்டில் பாதியை என் பேருக்கு எழுதப்போவதாகச் சொன்னார். வேண்டாம், தம்பிக்கே எழுதுங்கள் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

கர்த்தரிடமும் இப்படித்தான் இருக்கிறேன். வேதம் வாசிக்காமல் பஸ் ஏறினால் அன்றைக்கு ஏதோ கெட்டது நடக்கும் என்று தோன்றும். ஜெபத்தில் மனசு அலைந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன், சில நாள் பள்ளிக்கே பிந்திவிடும். மகனுக்குக் காய்ச்சல் என்றால் நான் எதில் தவறினேன் என்று தேடுவேன். சபைப் போதகரான ஐயரிடம் சொன்னேன், இன்னும் ஊக்கமாக ஜெபம் பண்ணம்மா என்றார். ரோமர் 8-ல் “அப்பா பிதாவே” என்ற இடம் வரும்போது தொண்டை அடைக்கிறது. இந்தப் பயம் போய்விட்டால் ஜெபிக்கவே மாட்டேனோ என்று அதற்கும் ஒரு பயம். இது விசுவாசக் குறைவா, மனநோயா?

பெயர் வேண்டாம்

*

அன்புத் தங்கைக்கு,

உங்களை ஏன் எடுத்து வளர்த்தார்கள் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நீங்கள் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்பதைத்தான் சொன்னார்கள். ரகசியமும் பாராட்டும் ஒரே மூச்சில் வந்ததால், நன்றாகப் பார்த்துக்கொள்வதால்தான் நான் இங்கே இருக்கிறேன் என்று அந்த வயது மனசு முடிச்சுப் போட்டுவிட்டது. தத்துப் பிள்ளைகளில் சிலர் முரண்டு பிடித்து, ‘இப்போதும் என்னை வைத்துக்கொள்வீர்களா’ என்று சோதித்துப் பார்ப்பார்கள். சிலர் சோதிக்கவே துணியாமல் மிகவும் நல்ல பிள்ளைகளாகிவிடுவார்கள். முதல் ரகத்தை எங்களிடம் ஆலோசனைக்குக் கூட்டி வருவார்கள், இரண்டாவது ரகத்துக்கு ஞாயிறு பள்ளியில் பரிசு கொடுப்போம். சொந்த வீட்டிலேயே மாதம் தவறாமல் வாடகை கட்டுகிறவர்களைப்போல அவர்கள் வாழ்வது யார் கண்ணிலும் படாது.

உங்கள் தொண்டையை அடைக்கிற அந்த “அப்பா பிதாவே” வசனத்தில் அப்போஸ்தலன் பவுல் பேசுவதே தத்தெடுப்பைப் பற்றித்தான். ரோமருக்கு அவர் அந்தக் கடிதத்தை எழுதியது ஏறக்குறைய கி.பி. 57-ல். அப்போது ரோம அரியணையில் இருந்த நீரோவே தத்துப்பிள்ளைதான். அவனுக்கு முந்தைய பேரரசர் கிலவுதியு ராயனுக்குப் பிரித்தானிக்கஸ் என்று பெற்ற மகன் இருந்தான். இருந்தும் 50-ல் நீரோவைத் தத்தெடுத்தார், 54-ல் ராயனானது நீரோ. (நல்ல பிள்ளைக்கு அவனை யாரும் உதாரணம் காட்ட மாட்டார்கள், அது வேறு.) தத்துப்பிள்ளை இரண்டாந்தரம் என்ற நம்மூர் எண்ணத்தோடு அந்தக் கடிதத்தை ரோமில் யாரும் கேட்டிருக்க முடியாது. கேட்டவர்கள் யார் என்றும் பாருங்கள். 16-ம் அதிகாரத்தில் வாழ்த்தப்படுகிற அம்பிலியா, உர்பான் போன்றவை அடிமைகளும் விடுதலையான அடிமைகளும் பரவலாக வைத்துக்கொண்ட பெயர்கள். ரோமச் சட்டத்தின் கண்ணில் அடிமைக்குத் தகப்பனே கிடையாது. அப்படிப்பட்டவர்களிடம்தான் பவுல், நீங்கள் “திரும்பவும் பயப்படுகிறதற்கு” அடிமைத்தனத்தின் ஆவியைப் பெறவில்லை, பிள்ளைகளானீர்கள், பிள்ளைகளானால் சுதந்தரருமானீர்கள், அதாவது வாரிசுகளுமானீர்கள் என்கிறார். பங்கு கிடைப்பது பிள்ளை என்பதால், செய்த வேலைக்குக் கூலியாக அல்ல.

லூக்கா 15-ல், தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பி வருகிற மகனின் கதையில், நாம் எப்போதும் இளைய மகனையே பிடித்துக்கொள்கிறோம். நீங்கள் மூத்தவனைப் படியுங்கள். கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்று சொல்ல இளையவன் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வருகிறான், தகப்பன் அந்த வரி வரைக்கும் அவனைப் பேசவே விடுவதில்லை. மூத்தவனோ வீட்டைவிட்டுப் போகாமலே கூலிக்காரனாக இருந்திருக்கிறான். “இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து” என்று கணக்கை எடுத்து வைக்கிறான். அதற்குத் தகப்பன், “எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது” என்கிறார். இதைக் கேட்டபிறகு மூத்தவன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லவில்லை.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் மறுத்ததைத் தாழ்மை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. 1956-ன் இந்து தத்தெடுப்புச் சட்டம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாது. 1987-ல் ஒரு கிறிஸ்தவத் தம்பதிக்குப் பெரும்பாலும் கிடைத்தது 1890-ன் காப்பாளர் சட்டப்படியான பொறுப்பு, அதுவும் பிள்ளை மேஜராகும் வரைதான். 2000-ல் வந்து 2006-ல் திருத்தப்பட்ட இளைஞர் நீதிச் சட்டத்துக்குப் பிறகே எந்த மதத்தவரும் முழுமையாகத் தத்தெடுக்க வழி பிறந்தது. ஆக, அப்பா எழுதி வைக்காமல் போனால் நீங்கள் தானாக வாரிசாவது சந்தேகம். அன்றைக்குச் சட்டம் தராததை இன்றைக்குத் தன் கையாலேயே தர அவர் ஆசைப்படுகிறார், நீங்கள் வேண்டாம் என்றீர்கள். அவர் முகம் வாடாமல் என்ன செய்யும்? தம்பியையும் கூட வைத்துக்கொண்டு அப்பாவிடம் பேசுங்கள். “சரிப்பா, எழுதுங்க” என்றால் போதும், கூடவே காரணம் சொல்ல வேண்டாம். உயிலா, செட்டில்மென்ட் பத்திரமா என்பதை ஒரு வக்கீல் பார்த்துக்கொள்வார். என்னை ஏன் எடுத்தீர்கள் என்றும் ஒருநாள் அவரிடமே கேளுங்கள், அத்தை வாயால் வந்த கதையே கடைசிக் கதையாக இருக்கக் கூடாது.

அடுத்தது ஜெபத்தைத் திரும்பத் திரும்பத் தொடங்குவது. இதில் ஐயரோடு நான் ஒத்துப்போகவில்லை, இன்னும் அதிக ஜெபம் உங்களுக்கு மருந்தாகாது. திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், துறவியாக இருந்த நாளில் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்வார், விட்டுப்போனது ஏதோ நினைவுக்கு வந்தால் திரும்ப ஓடுவார். விசுவாசம் இல்லாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. மனசு அலைந்தால் அலைந்த இடத்திலிருந்தே தொடருங்கள், முதலுக்குப் போகாதீர்கள். பயம் ஏறும். அதை அடக்க இன்னொரு ஜெபம் செய்யாமல் விட்டுப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் தானாகவே இறங்கும். சில வாரம் முயன்றும் முடியவில்லை, பள்ளிக்குப் பிந்துவது தொடர்கிறது என்றால் அது ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். சிகிச்சையில் நன்றாகக் கட்டுப்படும். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஜெபத்தை நிறுத்தச் சொல்வார்களோ என்று பயப்பட வேண்டாம்.

பயம் போனால் ஜெபிக்க மாட்டேனோ என்று கேட்டீர்கள். சில காலம் குறையலாம், குறையட்டும். இந்த விடுதலையைப் பற்றி 1520-ல் ஒரு சிறுநூலே எழுதிய லூத்தர், கிறிஸ்தவன் ஒருவருக்கும் கட்டுப்பட்டவன் அல்ல என்று சொன்ன கையோடு, அவன் எல்லோருக்கும் ஊழியன் என்றும் சொன்னார். ஆகவே அப்பாவைப் பார்க்கப் போங்கள், அதை நான் தடுக்கவில்லை. ஆனால் வருகிற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும், வர முடியலப்பா என்று போன் செய்துவிட்டு வீட்டிலேயே இருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.