பிளாஸ்மா வெறும் நீர்தானா?

கேள்வி: ரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகியவைதாம் வேலை செய்கின்றன என்றும், பிளாஸ்மா அவற்றைச் சுமந்து செல்லும் நீர் மட்டுமே என்றும் படித்தேன். அது சரியா? பரிசோதனை அறிக்கையில் காணப்படும் ‘சீரம்’ என்பதும் பிளாஸ்மாவும் ஒன்றா?

பதில்: நீங்கள் படித்தது பாதி உண்மை. ரத்தத்தின் கன அளவில் ஏறத்தாழ 55 விழுக்காடாக உள்ள பிளாஸ்மாவில் பத்தில் ஒன்பது பங்கு நீர்தான். ஆனால் எஞ்சிய சிறு பங்கில் கரைந்திருக்கும் புரதங்கள் இல்லாவிட்டால் அணுக்களின் வேலையும் நடக்காது. ஆல்புமின் என்னும் புரதம் நீரை ரத்தக் குழாய்களுக்குள்ளேயே பிடித்து வைக்கிறது. கல்லீரல், சிறுநீரக நோய்களில் அது மிகவும் குறையும்போது நீர் திசுக்களில் கசிந்து கால்கள் வீங்குவதுண்டு. கிருமிகளை எதிர்க்கும் குளோபுலின்களை உருவாக்குபவை வெள்ளையணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டுகளிலிருந்து தோன்றும் செல்கள். அந்தக் குளோபுலின்களை உடலெங்கும் கொண்டு செல்வது பிளாஸ்மா. கரியமில வாயுவின் பெரும்பகுதியைச் சிவப்பணு பைகார்பனேட்டாக மாற்றித் தர, அதையும் பிளாஸ்மாவே நுரையீரல் வரை கொண்டு சேர்க்கிறது.

அணுக்கள் என்று நாம் சொல்லும் மூன்றில் முழுமையான செல் வெள்ளையணு மட்டுமே என்பது பலருக்கு வியப்பளிக்கும். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. அதனால்தான் ஹீமோகுளோபினுக்கு நிறைய இடம் கிடைக்கிறது, சுமந்து செல்லும் ஆக்சிஜனைத் தானே செலவழிக்காமலும் இருக்கிறது. தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இயலாத அது சுமார் 120 நாள்களில் அழிகிறது. தட்டணுவோ எலும்பு மஜ்ஜையிலுள்ள பெரிய செல்லொன்றிலிருந்து உதிர்ந்த துணுக்கு. அதன் ஆயுள் 10 நாள்களுக்குள்தான்.

சீரம் பற்றிய கேள்விக்கு விடை ரத்தம் உறைவதில் இருக்கிறது. காயம் பட்ட இடத்தைத் தட்டணுக்கள் முதலில் அடைக்கின்றன. அந்த அடைப்பை உறுதிப்படுத்தும் வலை, பிளாஸ்மாவிலுள்ள ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் இழைகளாக மாறுவதால் உருவாகிறது. குழாயில் எடுத்த ரத்தத்தை அவ்வாறு உறையவிட்ட பின் பிரியும் தெளிந்த நீர்மம் சீரம். உறையாதிருக்க மருந்து சேர்த்துச் சுழற்றிப் பிரித்தெடுப்பது பிளாஸ்மா. சீரத்தில் ஃபைப்ரினோஜன் செலவாகிவிட்டிருக்கும் என்பதால், ரத்தம் உறையும் திறனை அளக்கும் பரிசோதனைகளுக்குப் பிளாஸ்மாவையே பயன்படுத்துகிறார்கள். ஒரே நபரிடமிருந்து வெவ்வேறு நிற மூடியுள்ள குழாய்களில் ரத்தம் எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.