தேசிய பாதுகாப்புச் சட்டத்தில் தம்பி கைது: மனு போட்டுப் பயன் உண்டா?

தம்பியைத் தேசிய பாதுகாப்புச் சட்டத்தில் (வழக்கு விசாரணை இல்லாமலே முன்கூட்டிக் காவலில் வைக்கும் சட்டம்) வைத்துவிட்டார்கள், இதில் கோர்ட் தலையிடாதாமே என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியெல்லாம் இல்லை, தலையிடும்.

ஆனால் தம்பி தவறு செய்தாரா என்று நீதிபதிகள் அலச மாட்டார்கள். அதிகாரி அந்த முடிவுக்கு வந்த வழியைத்தான் துருவுவார்கள். அங்கேதான் பல உத்தரவுகள் அடிபடுகின்றன. காவலில் வைத்த காரணங்களைப் பொதுவாக 5 நாளுக்குள் தம்பி கையில் கொடுத்தாக வேண்டும். கலெக்டர் போட்ட உத்தரவென்றால் 12 நாளுக்குள் மாநில அரசு ஒப்புதல் தர வேண்டும். 3 வாரத்துக்குள், காவல் சரியா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே வக்கீல் வைத்து வாதாட உங்களுக்கு உரிமை இல்லை என்பது வேறு விஷயம்.

இன்னொன்று, சாதாரண அடிதடியை வைத்து உத்தரவு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அது வெறும் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்று வாதாடலாம். சட்டம் ஒழுங்கு பெரிய வட்டம், பொது ஒழுங்கு அதற்குள் இருக்கும் வட்டம், நாட்டின் பாதுகாப்பு அதற்கும் உள்ளே இருக்கும் சிறிய வட்டம் என்று ராம் மனோகர் லோகியா வழக்கில் 1965இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, இப்போது செய்ய வேண்டியது: தம்பி பெயரில் அரசுக்கு எழுத்தில் முறையீடு அனுப்புங்கள், அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அரசியலமைப்பின் 22(5) பிரிவு தரும் உரிமை அது. அதைப் பரிசீலிக்காமல் காரணமின்றி இழுத்தடித்தால், அந்தத் தாமதமே உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவுக்கு (சட்டவிரோதமாக அடைத்து வைத்தவரை விடுவிக்கக் கேட்கும் மனு) வலுவான காரணம். உத்தரவோடு தந்த தாள்களில் படிக்க முடியாத நகல் இருந்தால் அதையும் வக்கீலிடம் காட்டுங்கள்.