தெரபி முடிந்த பிறகுதான் பள்ளிக்கூடமா?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. மூளை முடக்குவாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு காலும் விறைப்பு, எதையாவது பிடித்துக்கொண்டுதான் நடப்பான். பேச்சு நன்றாக இருக்கிறது, சொன்னதெல்லாம் புரியும். வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறி நாகர்கோவிலுக்குத் தெரபிக்குக் கொண்டுபோகிறேன், அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. வீட்டுக்காரர் விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போய்விடுவார், எல்லாம் நான் ஒருத்திதான். இப்போது பள்ளியில், 'நடக்கத் தொடங்கியதும் கொண்டுவாங்க' என்கிறார்கள். எது முக்கியம், தெரபியா பள்ளிக்கூடமா?
ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: சகோதரி, பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள். நடந்தால்தான் பள்ளிக்கூடம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் மூளை முடக்குவாதமும் உண்டு. 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் பாதிப்பு என்று சான்று இருந்தால், 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியில் இலவசமாகப் படிப்பது அவனுடைய உரிமை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு அதற்குமேல் கூடுவதில்லை, ஆனால் பிள்ளை வளர வளர எலும்பு நீளும், விறைத்த தசை அதோடு ஈடுகொடுக்காமல் இறுகும். வாரத்தில் இரண்டு மணி நேரம் தெரபியில் இழுத்து விடுகிறோம், அப்புறம் பள்ளியில் தினமும் ஐந்தாறு மணி நேரம் அவன் எப்படி உட்கார்ந்திருக்கிறான்? தரையில் உட்கார்ந்தால் இந்தப் பிள்ளைகள் முட்டியை மடக்கிக் கால்களை இரண்டு பக்கமும் பின்னால் விரித்துக்கொள்வார்கள், அது அவர்களுக்குச் சுலபம், ஆனால் இடுப்பு மூட்டுக்குக் கேடு. பாதம் தரையில் முழுதாகப் பதிகிற உயரத்தில் ஒரு நாற்காலி போதும். உயரம் கூடினால் காலடியில் ரப்பர் மரப் பலகைத் துண்டு ஒன்றைப் போடுங்கள், உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்! அரை மணிக்கு ஒருமுறை எழுப்பி மேசையைப் பிடித்து நிற்கவைத்தால், நின்றபடியே படம் வரையட்டும். பென்சில் பிடி நழுவினால் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொடுங்கள். இதுவும் தெரபிதான், வகுப்பிலேயே நடக்கும்.

சரி, இதையெல்லாம் டீச்சருக்கு யார் சொல்லிக்கொடுப்பது? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். உங்களுக்குத் திருவட்டார் வட்டாரம். அவர்கள் பள்ளிக்கு வந்து பார்க்க வேண்டும் என்று தலைமையாசிரியர் வழியாகவே எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் நிற்காது. நகல் ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இழுத்தடித்தால் கல்வித்துறையின் 14417 எண்ணுக்குப் பேசுங்கள்.

நாகர்கோவில் தெரபியை விட வேண்டாம். நேரத்தை மட்டும் மாலைக்கோ சனிக்கிழமைக்கோ மாற்றித் தரக் கேளுங்கள். அங்கே செய்வதில் பள்ளியில் செய்யக்கூடிய இரண்டு மூன்றை மட்டும் தமிழில் எழுதித்தரச் சொல்லி, அந்தத் தாளை அப்படியே டீச்சர் கையில் கொடுங்கள்.