வாழைப்பழம், கிராம்பு, உமி: கோதுமை பியர் கேள்வி–பதில்

கே: வீட்டில் பியர் காய்ச்சிப் பழக்கம் உண்டு. ஜெர்மன் பாணி கோதுமை பியர் மட்டும் செய்ததில்லை. எந்தப் புத்தகம் வாங்கலாம்? அளவுகளும் வேண்டும். (டொராண்டோ வாசகர்)

எரிக் வார்னரின் 'ஜெர்மன் வீட் பியர்' (1992) பவேரிய வகையோடு நின்றுகொள்ளும் சிறிய புத்தகம். ஸ்டான் ஹைரோனிமஸின் 'ப்ரூயிங் வித் வீட்' (2010) பெல்ஜிய விட் (மசாலா சேர்த்த கோதுமை பியர்), பெர்லினர் வைஸ (புளிப்பான பெர்லின் கோதுமை பியர்) வகைகளையும் சேர்த்துப் பேசுகிறது. ஒன்றுதான் வாங்குவீர்கள் என்றால் இரண்டாவதை வாங்குங்கள். அடிப்படையில் சந்தேகம் வந்தால் ஜான் பாமரின் 'ஹவ் டு ப்ரூ' இருக்கிறது. அதன் முதல் பதிப்பு இணையத்தில் இலவசம்.

20 லிட்டருக்கு: கோதுமை மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) 2.5 கிலோ, பில்ஸ்னர் மால்ட் (வெளிர்நிறப் பார்லி மால்ட்) 2 கிலோ, ஹாலர்டாவ் ஹாப்ஸ் (கசப்பு தரும் பூ; கசப்புக்குரிய ஆல்ஃபா அமிலம் 4%) 25 கிராம், கோதுமை பியர் ஈஸ்ட் ஒரு பாக்கெட். மால்ட்டை 14 லிட்டர் நீரில் கலந்து 45 டிகிரியில் 15 நிமிடம், 65-இல் 45 நிமிடம், 72-இல் 15 நிமிடம் வைத்து, 76-க்கு ஏற்றி வடிகட்டுங்கள். 76 டிகிரி நீர் 15 லிட்டரால் அலசினால் கொதிகலனில் 24 லிட்டருக்குச் சற்று மேல் சேரும். ஹாப்ஸ் முழுவதையும் தொடக்கத்திலேயே போட்டு 60 நிமிடம் கொதிக்க விடுங்கள். ஆறியதும் ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி அளக்கும் கருவி) 1.049-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 17 டிகிரிக்குக் குளிர்ந்த பிறகே ஈஸ்ட். இந்த ஈஸ்ட் நுரையைக் கக்கும். 30 லிட்டர் கலன் இல்லையென்றால் குழாய் ஒன்றை மூடியிலிருந்து தண்ணீர் வாளிக்குள் விட்டுவையுங்கள்.

மாஷ் செய்ய (மேலே சொன்னபடி மால்ட்டைச் சுடுநீரில் ஊறவைக்க) வசதியில்லாதவர்கள் கோதுமை மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (மால்ட் சாற்றை உலர்த்தியது) பொடி 2.7 கிலோ வாங்கலாம். அதிலேயே பார்லியும் கலந்திருக்கும்.

கே: வாழைப்பழ வாசனை தூக்கலாக வருகிறது, கிராம்பு வாசனை துளியும் இல்லை. நெயில் பாலிஷ் நெடிகூட அடிக்கிறது. மால்ட்டை மாற்றவா? (சிங்கப்பூர் வாசகர்)

மால்ட்டை விடுங்கள். வாழைப்பழ வாசனை ஐசோஅமைல் அசிடேட்; ஈஸ்ட் தருவது, வெப்பம் கூடினால் கூடும். வெப்பம் எல்லை மீறினால் நீங்கள் சொல்லும் நெடியும் சேரும். அறை 28 டிகிரி என்றால் நொதிக்கும் கலனுக்குள் இன்னும் இரண்டு மூன்று டிகிரி அதிகம், ஏனென்றால் நொதித்தலே சூடு கிளப்பும். பழைய ஃபிரிட்ஜ், அதில் ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி, முதல் மூன்று நாள் 17–18 டிகிரி, பிறகு 20. இதற்குச் செலவழிக்காமல் விதவிதமாக மால்ட் வாங்குவது வீண்.

கிராம்பு வேறு கதை. மால்ட்டில் கட்டுண்டிருக்கும் ஃபெருலிக் அமிலம் 43–45 டிகிரியில்தான் நன்றாக விடுபடும். ஈஸ்ட் அதைக் கிராம்பு வாசனையாக மாற்றும். நேரே 65-இல் மாஷ் செய்தால் மூலப்பொருளே குறைவு. எக்ஸ்ட்ராக்டில் அந்த 45 டிகிரிப் படி உங்கள் கையில் இல்லை, ஆகவே கிராம்பு அடக்கமாகவே வரும்.

கே: வடிகட்டும்போது பாதியில் அடைத்துக்கொள்கிறது.

கோதுமைக்கு உமி கிடையாது. பார்லியின் உமிதான் சல்லடையாக நின்று வடிய விடுகிறது. பாதிக்கு மேல் கோதுமை போட்டால் பசையாக இறுகும். நெல் உமி 200 கிராமை நாலைந்து தண்ணீரில் அலசி மாஷில் கலந்துவிடுங்கள். சுவை எதுவும் சேராது. குழாயை மெல்லத் திறவுங்கள்; அவசரமாகத் திறந்தால் படுகை அமுங்கி மறுபடி அடைக்கும். மால்ட்டை மாவாக அரைப்பதும் இதே வம்பைக் கொண்டுவரும்.

கே: கோயம்புத்தூரில் வீட்டில் செய்யலாமா?

கூடாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். சிங்கப்பூரில் சொந்த உபயோகத்துக்கு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை செய்யலாம், விற்கக் கூடாது.

கே: பாட்டில் வெடித்துவிட்டது. சர்க்கரை லிட்டருக்கு 10 கிராம்தான் போட்டேன்.

அந்த அளவு பியரின் கனஅளவைப் போல் சுமார் மூன்றரை மடங்கு கரியமில வாயு தரும். கோதுமை பியருக்கு அது பொருத்தம்தான், தடித்த ஜெர்மன் அரை லிட்டர் பாட்டில் இருந்தால். மெல்லிய 330 மில்லி பாட்டிலுக்கு 6 கிராமைத் தாண்டாதீர்கள். சர்க்கரையை ஒவ்வொரு பாட்டிலிலும் கரண்டியால் போடாமல், கொதிக்க வைத்த சிறிது நீரில் கரைத்து மொத்தமாகக் கலந்தால் அளவு பிசகாது.

ஈஸ்ட் எது என்று நீங்கள் எழுதவில்லை. சாஃப்ஏல் டபிள்யூபி-06 (கோதுமை பியருக்கான உலர் ஈஸ்ட்) என்றால் அது டயஸ்டாட்டிகஸ் இனம். மற்ற ஈஸ்ட்கள் தொடாத டெக்ஸ்ட்ரின்களையும் (மாவுச்சத்து உடைந்து உண்டாகும் நீளமான மாச்சர்க்கரைகள்) மெதுவாகத் தின்னும். நுரை அடங்கியதைப் பார்த்துப் பாட்டிலில் அடைத்தால் உள்ளே வேலை தொடரும். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை ஹைட்ரோமீட்டர் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். இந்த ஈஸ்டுக்கு அதன் பிறகும் ஒரு வாரம் பொறுப்பது நல்லது.

கே: பெல்ஜிய விட் பியருக்குச் சமையலறைத் தனியா போதுமா?

போதும். 20 லிட்டருக்கு 15–20 கிராம், ஒன்றிரண்டாக இடித்து, கொதி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கசப்பு ஆரஞ்சுத் தோல் 15 கிராமோடு சேருங்கள். நம் ஊர் நீள்வட்டத் தனியாவின் மணம் ஐரோப்பாவின் சிறிய உருண்டை விதையிலிருந்து சற்று மாறுபடும், கெடுதல் இல்லை. வறுக்காதீர்கள், வறுத்தால் சாம்பார் வாசனைதான் வரும்.