மாடிக் குளியலறையில் நீர் நூலாக இறங்குகிறதா?

கேள்வி: அம்மாபேட்டையில் உள்ள எங்கள் வீட்டு மாடியில் புதிதாக 2 குளியலறைகள் கட்டினோம். கீழே யாரேனும் குழாயைத் திறந்தால் மேலே ஷவரில் தண்ணீர் நூலாக இறங்குகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, சேலம்

பதில்: முதலில் மொட்டை மாடிக்குச் சென்று, தொட்டியிலிருந்து இறங்கும் குழாயைப் பாருங்கள். பழைய ¾ அங்குலக் குழாயிலிருந்தே புதிய அறைகளுக்கும் இணைப்பு கொடுத்திருந்தால், ஒரே குழாயை எல்லோரும் பங்கிட்டுக்கொள்வதுதான் குறை. தொட்டியிலிருந்து 1¼ அங்குலக் குழாயைத் தனியாக இறக்கி, ஒவ்வொரு குளியலறைக்கும் ¾ அங்குலத்தில் பிரித்துக் கொடுங்கள். ஆனால் 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தமே கிடைக்கும் என்பதால், ஷவருக்கு 2 மீட்டர் மேலே உள்ள தொட்டி 0.2 பார்தான் தரும். குழாயைப் பெரிதாக்கினால் அந்த அளவு உயராது. அப்போது மாடிக்கு மட்டும் சிறிய பிரஷர் பம்ப் வைப்பதே சரி. மேட்டூர்த் தண்ணீரோடு போர்வெல் நீரையும் பயன்படுத்தும் வீடானால், ஷவர் துளைகளில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா என்பதையும் அவசியம் பாருங்கள். கழற்றி ஓரிரவு வினிகரில் ஊறவைத்தால் கரைந்துவிடும்.