உங்கள் மேனேஜருக்குப் பைபோலார் இல்லை: வாசகர் கேள்வி-பதில்

சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட்: முதலில் யாரிடம் போவது? (வாசகி, அல்சூர்)

தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் சைக்கியாட்ரிஸ்ட். மருந்து எழுதுபவர் அவர்தான். பேச்சு சிகிச்சைக்கும் டெஸ்டுகளுக்கும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். வார இறுதி கோர்ஸ் முடித்துப் போர்டு மாட்டியவர்களிடம் போகாதீர்கள் என்று எத்தனை தடவைதான் எழுதுவது!

என் மேனேஜர் காலையில் எரிந்து விழுகிறார், மத்தியானம் பிரியாணி வாங்கித் தருகிறார். பைபோலார்தானே? மாமியாருக்கும் நார்சிஸம் இருக்கிறது. (வாசகர், ஒயிட்ஃபீல்டு)

அவருக்கு இருப்பது முன்கோபம். பைபோலாரில் வரும் மேனியா, அதாவது மனம் அளவுக்கு மீறி எழும்பி நிற்கும் நிலை, அரை நாளில் வந்துபோகிற விஷயமில்லை. ஒரு வாரமாவது, நாளின் பெரும்பகுதி நீடிக்கும். ராத்திரி இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுக் களைப்பே இல்லாமல் சுற்றுவார்கள். பேச்சு நிற்காது. கையில் காசில்லாமல் கார் புக் செய்வார்கள், நாளைக்கே கம்பெனி ஆரம்பிப்பேன் என்பார்கள். இன்னொரு சமயம் வாரக்கணக்கில் படுக்கையை விட்டு எழ முடியாது. லித்தியம் போன்ற மருந்தை வருடக்கணக்கில், ரத்தப் பரிசோதனையோடு சாப்பிட வேண்டியிருக்கும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை ஓ.பி.யில் மகனோடு டோக்கன் பிடித்து உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் போய் உங்கள் பிரியாணிக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

மாமியார் தன் சாம்பாரைத் தானே மெச்சிக்கொண்டால் அது மாமியார்த்தனம், வியாதி இல்லை. நார்சிஸம் மாதிரி ஆளுமைக் கோளாறு என்று சொல்ல, அந்த ஆளையே உட்கார வைத்துப் பல வருட நடத்தையை விசாரிக்க வேண்டும். மருமகன் எழுதும் கடிதம் போதாது. நேரில் பார்க்காதவருக்கு நோய்ப்பெயர் சூட்டாதீர்கள், நானே சூட்டுவதில்லை.

நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் என்றால் தண்டனைதானே? பி.எட். பரீட்சைக்கு. (கே.ஆர். புரம்)

இல்லை. காரில் பெல்ட் போட்டதும் பீப் சத்தம் நிற்கிறது. அதனால் அடுத்த தடவை சீக்கிரம் போடுகிறீர்கள். தொல்லை விலகுவதால் ஒரு பழக்கம் கூடினால் அதுதான் இது. தண்டனை பழக்கத்தைக் குறைக்கும். உளவியலாளர் ஸ்கின்னர் பாடத்தை இன்னொரு தடவை படியுங்கள்.

டிப்ரெஷன் மாத்திரை ஐந்து நாளாகச் சாப்பிடுகிறேன், பலனில்லை. நிறுத்தலாமா? (விவேக் நகர்)

கூடாது. பலன் தெரியவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதலாக. நிறுத்துவதோ கூட்டுவதோ டாக்டரைக் கேட்டுத்தான். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-க்குப் போன் போடுங்கள். இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

ஸ்கிசோஃப்ரினியா என்றால் ஒரே உடம்பில் இரண்டு ஆள்தானே? (பெயர், ஊர் இல்லை)

இல்லை. அது சினிமா.

மகனுக்கு ஐ.க்யூ. 108. ஐ.ஐ.டி. கிடைக்குமா? (சிவாஜிநகர்)

சராசரி 100. மூன்றில் இரண்டு பங்கு பேர் 85-க்கும் 115-க்கும் நடுவில்தான் இருக்கிறார்கள். பையன் நன்றாகவே இருக்கிறான். எந்த டெஸ்ட், யார் எடுத்தது, பையனுக்கு என்ன வயது, எதையும் எழுதவில்லை. போனில் பத்து நிமிட க்விஸ் என்றால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். நேரில் ஒரு ஆள் எடுத்த டெஸ்ட் என்றால், மறுபடியும் சொல்கிறேன், ஆர்.சி.ஐ. பதிவைக் கேளுங்கள். ஐ.ஐ.டி. பற்றி ஜோசியரைக் கேளுங்கள்.