ஞாயிறு மட்டும் கூடும் சபை அக்கம்பக்கத்தாரை நோக்கித் திரும்புவது எப்படி?

கேள்வி: கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு தமிழ்ச் சபையின் செயலாளர் நான். ஞாயிறு ஆராதனைக்குச் சுமார் 120 பேர் வருகிறோம். பெரும்பாலோர் பூச்சோங், கிள்ளான், ரவாங் பக்கம் குடிபோய்விட்டவர்கள். சபையைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு எங்களைத் தெரியாது. இரண்டு முறை நற்செய்திக் கூட்டம் நடத்தியும் பிற சபைகளின் விசுவாசிகளே வந்தார்கள். சபையின் மனப்பாங்கையே மாற்ற வேண்டுமானால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பிற சபையார் மட்டுமே வந்ததற்கு உங்கள் விளம்பரம் காரணமன்று. அக்கம்பக்கத்தாரோடு பேச்சுப் பழக்கம் இல்லாத சபை அழைப்பிதழ் அடித்தால், அதை வாங்கிக்கொள்ளக்கூடிய முகங்கள் அதற்குத் தெரிந்த மற்றச் சபைகளில்தான் இருக்கும். ஆகவே மூன்றாவது கூட்டத்துக்கு இப்போது தேதி குறிக்க வேண்டாம்.

முதலில் கடந்த 12 மாதச் செயற்குழுக் கூட்டக் குறிப்புகளை எடுத்து, சபையில் உறுப்பினர் அல்லாத ஒருவரைப் பற்றி எத்தனை தீர்மானங்கள் எடுக்கப்பட்டன என்று எண்ணிப் பாருங்கள். கூரை ஒழுகல், ஒலிபெருக்கி, அறுப்பின் பண்டிகை ஏலம், பாடகர் குழுவின் சீருடை ஆகியவையே பக்கங்களை நிரப்பியிருக்குமானால், சபை எதைத் தன் வேலை என்று நினைக்கிறது என்பது அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. பிரசங்க மேடையிலிருந்து எத்தனை முறை அருட்பணி பேசினாலும், செயற்குழு எதை விசாரிக்கிறதோ அதற்கே மக்கள் தங்கள் நேரத்தைக் கொடுப்பார்கள். ஆகவே நிகழ்ச்சி நிரலின் முதல் பொருளாக, வீட்டுப் பக்கத்திலோ வேலையிடத்திலோ தாம் பழகிவரும் ஒருவரைப் பற்றி ஓர் உறுப்பினர், அந்த நபரின் பெயரையும் அந்தரங்கத்தையும் வெளியிடாமல், ஐந்து நிமிடம் பேசட்டும். முதல் சில மாதங்களில் யாருக்கும் சொல்ல ஒன்றும் இராது. அந்த மௌனமும் குழுவுக்கு ஒரு பாடமாகவே அமையும்.

அடுத்தது கடினமானது: ஏதாவது ஒன்றை நிறுத்த வேண்டும். புதன் ஜெபக்கூட்டம், வெள்ளி வீட்டுக்கூட்டம், சனி பாடல் பயிற்சி என்று வாரம் முழுவதும் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் அதே பத்துப் பேர்தான். அவர்கள் தலையில் புதிதாக ஓர் ஊழியத்தை ஏற்றினால் ஆறு மாதத்தில் அது படுத்துவிடும். வாரத்தில் ஒரு மாலையையாவது விடுவித்து, அந்த நேரத்தை அண்டை வீட்டாருக்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள். மூத்தவர்கள் முறுமுறுப்பார்கள், அவர்களுடைய அச்சத்துக்கு மதிப்புக் கொடுத்து, ஓராண்டுக்கு மட்டும் என்று வரையறுத்துத் தொடங்குவது நல்லது.

பிறகு, வாழும் இடத்தைப் பற்றிய தெளிவு வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியர் குடியிருப்பாக இருந்த காலம் போய்விட்டது. பழைய இரயில்வே நிலத்தில் எழுந்த கேஎல் சென்ட்ரல் 2001இல் திறக்கப்பட்ட பின் அக்கம்பக்கமே மாறிவிட்டது. ஆனால் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. வெண்கோலுடன் உங்கள் வாசலைக் கடந்துபோகிறவர்களில் எத்தனை பேரின் பெயர் சபைக்குத் தெரியும்? அதே வேளையில் பூச்சோங்கில் வாழும் குடும்பத்தைக் கிழமை நாளில் பிரிக்பீல்ட்ஸுக்கு இழுப்பது நியாயமன்று. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் (29ஆம் அதிகாரம்), அவர்கள் குடியிருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடச் சொல்கிறது. அப்படியே உங்கள் குடும்பங்களுக்கும் அவர்கள் வாழும் தாமானே (குடியிருப்புப் பகுதியே) பணித்தளம். வீட்டுக்கூட்டம் அந்த நோக்கத்துக்குத் திருப்பப்படலாம்.

தேவையை ஊகிக்காமல் கேட்டறியுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் சான்றிதழ் பெற மலாய் மொழியில் தேர்ச்சி கட்டாயம், 2013 முதல் வரலாற்றிலும் கட்டாயம். இந்த இரண்டில் தடுக்கி நிற்கும் பிள்ளைகள் அடுக்குமாடிகளில் உண்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உங்கள் சபையிலேயே இருப்பார்கள், மண்டபமும் கிழமை நாளில் காலியாகக் கிடக்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். கூட்டரசு அரசியலமைப்பின் 11(4)ஆம் பிரிவு, இஸ்லாமியரிடையே பிற சமயக் கோட்பாடுகளைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த இடமளிக்கிறது. உங்கள் உறுப்பினர் பலர் வாழும் சிலாங்கூரில் 1988ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. பொதுமக்களுக்கான எந்தப் பணியையும் தொடங்குமுன் ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள். மற்றொன்று நேர்மையைப் பற்றியது. இந்துப் பெற்றோர் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பினால் அது வகுப்பாகவே நடக்கட்டும்; பாடத்தின் நடுவே ஜெபத்தை நுழைத்தால், சோறு காட்டிச் சேர்க்கிறார்கள் என்ற பழைய ஏளனத்துக்கு நாமே சான்று கொடுத்தவர்களாவோம். யாராவது நம் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் மறைக்காமல் சொல்லலாம்.

யாரிடம் பொறுப்பை ஒப்படைப்பது என்பதற்கு அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தைக் கவனியுங்கள். பந்தியில் தங்கள் விதவைகள் புறக்கணிக்கப்படுவதாக முறையிட்டவர்கள் கிரேக்க மொழியார். தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். ஓரத்தில் இருந்தவர்களின் கையிலேயே பொறுப்பு கொடுக்கப்பட்டதாகத்தான் நான் இதை வாசிக்கிறேன். உங்கள் சபையில் ஆங்கிலமே சரளமாகப் பேசும் வாலிபர்களையும், அண்மையில் சேர்ந்த முதல் தலைமுறை விசுவாசிகளையும் அப்படி நம்பிப் பாருங்கள். 13ஆம் அதிகாரத்தில் அந்தியோகியா சபை தன்னிடமிருந்த சிறந்த இருவரையே அனுப்பியது, மிஞ்சியவர்களை அனுப்பவில்லை.

மூன்று ஆண்டுகளுக்குக் குறைவாக எதிர்பார்க்காதீர்கள். சிலர் வேறு சபைக்குப் போவார்கள், காணிக்கையும் சற்றுக் குறையலாம். நீங்கள் செயலாளர் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும்: இவற்றைச் செயற்குழுவில் திடீரென வைக்காமல், அந்த 12 மாதக் குறிப்புகளோடு முதலில் ஆயரைத் தனியே சந்தியுங்கள். அவர் நாட்காட்டியிலிருந்தே ஒரு மாலையை விடுவிக்க இசைந்தால், மூப்பர்களிடம் பேச உங்களுக்கு வழி திறக்கும். அவர் இசையாவிட்டால், உங்கள் வீட்டுக்கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் தாமானிலேயே தொடங்குங்கள்.